உண்டியல் வாசலில் இருக்கக் கூடாது

வாசலில் உண்டியல் வைத்தால் ஆட்கள் தயங்குவார்கள். லண்டனின் வடமேற்குப் புறநகர் ஒன்றில் தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய நூலகம் ஒன்று இருக்கிறது. அங்கே இலவசக் குடும்ப நாள்களுக்குப் பொறுப்பாக இருக்கும் பெண்மணி, புதிதாக உதவிக்கு வருபவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான். 'அனுமதி இலவசம்' என்று எவ்வளவு பெரிய எழுத்தில் ஒட்டினாலும் சரி, கதவருகே சில்லறை கிடக்கும் கண்ணாடிப் போத்தலைப் பார்த்ததும் இரண்டு பிள்ளைகளோடு வரும் தாயின் கை பைக்குள் போகும். எவ்வளவு போட்டால் மரியாதை? ஒரு பவுண்டா, ஐந்தா? இந்த நாட்டில் காசைக் கையில் வைத்திருப்பவர்களே குறைந்துவிட்டார்கள். இல்லையென்று சொல்ல வெட்கப்பட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதே போத்தலை உள்ளே, தேநீர் மேசையில், கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் சிக்கலே இல்லை. பிள்ளை சிரித்துக்கொண்டு புறப்படும் நேரத்தில் யாரும் கேட்காமலே போடுகிறார்கள்.

வட்டாரப் பிள்ளைகளுக்கு அவர் 'லைப்ரரி அன்ரி'. "என்ர பேர் என்னத்துக்கு? அப்பிடியே எழுதுங்கோ" என்கிறார். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர். தொண்ணூறுகளில் லண்டன் வந்து, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூலகவியல் படித்ததில்லை. ஆனாலும் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் கழிப்பறை எங்கே, அவசர வழி எங்கே, தள்ளுவண்டிகள் எங்கே நிற்கும் என்று கண் தானாகத் தேடுகிறது. குடும்ப நாள் நடத்தும் இந்த வேலையை ஒரு தொழில் என்று சொல்லலாமா என்பதில் மட்டும் அவருக்கே ஒரு வழக்கு இருக்கிறது.

அந்த வழக்கு புரிய, இங்கிலாந்தில் இப்படிப்பட்ட நூலகங்கள் எப்படி முளைத்தன என்று தெரிய வேண்டும். பொது நூலகம் நடத்துவது அங்கே உள்ளாட்சி மன்றத்தின், அதாவது கவுன்சிலின், சட்டக் கடமை. முழுமையான, திறமையான நூலகச் சேவை தரவேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டுச் சட்டம். எத்தனை கட்டடம், எத்தனை ஊழியர் இருந்தால் அது 'முழுமை' என்று சட்டம் சொல்லவில்லை. 2010க்குப் பிறகு மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தரும் பணத்தை வெட்டத் தொடங்கியதும், சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் கிளை நூலகங்கள் வரிசையாக விழுந்தன. பிரிட்டன் முழுவதும் திரட்டி 2016 மார்ச்சில் பிபிசி வெளியிட்ட கணக்கில், ஆறு ஆண்டுகளில் 343 நூலகங்கள் மூடப்பட்டிருந்தன. ஏறக்குறைய 8,000 சம்பள வேலைகள் போயிருந்தன. அதே காலத்தில் 15,500 தன்னார்வலர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கடைசி இரண்டு எண்களை லைப்ரரி அன்ரி ஒரு தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, அலுவலக அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறார். பொதுமக்கள் பார்க்க அல்ல, அறங்காவலர்கள் பார்க்க.

வடமேற்கு லண்டன்காரர்களுக்கு இந்தக் கதை பக்கத்து வீட்டுக் கதை. கென்சல் ரைஸ் நூலகத்தை 1900இல் திறந்துவைத்தவர் மார்க் ட்வைன். 2011இல் பிரென்ட் கவுன்சில் தன்னுடைய பன்னிரண்டு நூலகங்களில் ஆறை மூடியபோது அதுவும் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். மூடிய கதவுக்கு வெளியே, நடைபாதையிலேயே ஒரு தற்காலிக நூலகம் நடத்தினார்கள். 2012 மே மாதத்தில் ஒரு பின்னிரவு, ஊர் தூங்கும் நேரத்தில், காவல்துறையைத் துணைக்கு வைத்துக்கொண்டு உள்ளே இருந்த புத்தகங்களை ஆட்கள் வெளியேற்றினார்கள். கட்டடத்தின் பெரும்பகுதி குடியிருப்பாகி, தரைத்தளத்தில் சமூக நூலகமாக அது மறுபடி திறந்தது 2019இல்தான். ஃப்ரையர்ன் பார்னெட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2012 ஏப்ரலில் மூடிய நூலகத்துக்குள் அந்தச் செப்டம்பரில் போராட்டக்காரர்கள் சிலர் புகுந்தார்கள். புகுந்தவர்கள் வெறுமனே குடியிருக்காமல், கதவைத் திறந்துவைத்து நூலகம் நடத்தத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தார் ஆயிரக்கணக்கில் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். நீதிமன்றம்வரை போய், 2013 பிப்ரவரியில் சாவி சட்டப்படி ஊர்க்காரர் கைக்கு வந்தது.

லைப்ரரி அன்ரியின் நூலகத்துக்கு இந்த வீரவரலாறெல்லாம் இல்லை. கவுன்சில் கைவிட்டது, ஊர் எடுத்துக்கொண்டது. அலமாரிகளும், அடிக்கடி நின்றுபோகும் ஒரு பாய்லரும் சீதனமாக வந்தன.

குடும்ப நாளுக்கு நாள் குறிப்பது பாதி வேலை. சனிக்கிழமைதான் தோதான நாள் என்று எவரும் நினைப்பார்கள். அந்தப் பக்கத்தில் சனிக்கிழமை காலை தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் இருப்பார்கள், குஜராத்திப் பிள்ளைகள் குஜராத்திப் பள்ளியில், மற்றவர்கள் நீச்சலிலோ பந்திலோ. பிற்பகல் பரதநாட்டியமும் மிருதங்கமும் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு என்றால் கோயில், தேவாலயம், மாமி வீடு. ஆகவே அவர் கைவைத்தது ஹாஃப்-டேர்ம் விடுமுறையில். அக்டோபர் கடைசி, பிப்ரவரி நடு, மே கடைசி என்று பள்ளித் தவணைகளின் நடுவே வரும் அந்த ஒரு வாரத்தில், வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் திண்டாட்டம். வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய திண்டாட்டம். வெளியே மழை. ஒரு குடும்பம் மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்வந்தால் அந்த வாரக் கடைச் சாமான் காசு போய்விடும். திங்களன்று வைத்தால் பாட்டி வீட்டுக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். வெள்ளியன்று எல்லோரும் களைத்திருப்பார்கள். புதன் அல்லது வியாழன், காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு வரை என்பது பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு. இரண்டு மணிக்கு மேல் கைக்குழந்தைகள் அழத் தொடங்கும். ஒன்று அழுதால் மண்டபமே அழும்.

முன்பதிவு கிடையாது. இணையத்தில் இலவசச் சீட்டு கொடுத்துப் பார்த்தார்கள். சீட்டு எடுத்தவர்களில் பலர் வரவில்லை, சீட்டுக் கிடைக்காதவர்கள் 'நிறைந்துவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். காசு கொடுக்காத சீட்டைக் கைவிட யாருக்கும் மனம் உறுத்துவதில்லை. மேலும், இணையத்தில் முதலில் முந்துபவர்கள் எப்போதும் ஒரே வகைக் குடும்பங்கள்தாம். இப்போது வருபவர் வரலாம். தீயணைப்பு விதிப்படி மண்டபத்துக்கு ஆள் வரம்பு இருப்பதால், வாசலில் ஒருவர் கையில் எண்ணும் கருவியோடு நிற்பார்.

அதற்கு முன் காகித வேலை. கத்தரிக்கோல், சுடுநீர்க் கெண்டி, வழுக்கும் தரை என்று ஒவ்வொன்றுக்கும் என்ன ஆபத்து, யார் பொறுப்பு என்று ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதவேண்டும். பொதுப்பொறுப்புக் காப்புறுதி நடப்பில் இருக்கவேண்டும். பிள்ளைகளோடு முறையாக வேலை செய்பவர்களுக்கு டி.பி.எஸ். எனப்படும் குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு. படம் எடுக்கப் பெற்றோர் சம்மதம். கேக்கில் முட்டை, கொட்டை, பால் எது இருக்கிறது என்று எழுதிய அட்டை. இனிப்பு கொடுப்பதானால் அதில் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் முஸ்லிம் பிள்ளையும் சைவப் பிள்ளையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். முகத்தில் புலி வரைவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு முகத்துக்கு நான்கு நிமிடம் என்றாலும் மணிக்குப் பதினைந்து முகம்தான். வரிசையில் நிற்கும் பிள்ளை வேறெதையும் பார்க்காது. மினுக்குத் தூள் அடுத்த ஹாஃப்-டேர்ம்வரை தரைவிரிப்பை விட்டுப் போகாது என்பதால் அதற்கும் தடை.

நாற்காலிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. சுவரோரம் நாற்காலி போட்டால் பெற்றோர் அங்கே போய் உட்கார்ந்து கைப்பேசியை எடுப்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. வாரம் முழுக்க ஓடியவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தால் வேறென்ன செய்வார்கள்? நாற்காலிகளை எல்லாம் மேசையைச் சுற்றி, பிள்ளையின் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால், உட்காரவேண்டும் என்றாலே கத்தரிக்கோலுக்கு எதிரில்தான் உட்காரவேண்டும். சுவரோரம் இரண்டே நாற்காலி, முதியவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும். கைவினை மேசைகள் மண்டபத்தின் பின்கோடியில் இருக்கும். அங்கே போய்ச்சேரப் படப்புத்தகப் பெட்டிகளைக் கடந்துதான் ஆகவேண்டும். பெட்டிகளில் புத்தகங்களின் முதுகு தெரியக் கூடாது, அட்டை தெரியவேண்டும். மூன்று வயதுக் குழந்தை முதுகெழுத்தைப் படிக்காது.

பிறகு, என்ன செய்விப்பது என்ற கேள்வி. பொம்மைக் கிரீடமும் பஞ்சுப் பனிமனிதனும் எந்தச் சமூக மண்டபத்திலும் கிடைக்கும். செய்து முடித்ததும் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும், நூலகத்துக்கு வந்தோம் என்ற நினைவே இல்லாமல். அவர் கடைசியில் வந்து நின்றது ஒரே ஒரு ஏ4 தாளில். தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து விரிக்கவேண்டும். குறுக்கே பாதியாக மடித்து, மடிந்த விளிம்பிலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் மட்டும் வெட்டவேண்டும். விரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு பிளவு. இனி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் பிளவு விரிந்து, பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கையளவு புத்தகம் ஒன்று உருவாகிவிடும். முன்னட்டை, பின்னட்டை, நடுவே ஆறு பக்கம். பசை இல்லை, காயவைக்க வேண்டியதில்லை, ஒரே வெட்டு.

அந்தக் கடைசித் தள்ளல்தான் சூட்சுமம். ஐந்து வயதுப் பிள்ளையால் தனியாகச் செய்ய முடியாது, இரண்டு பேர் வேண்டும். தகப்பன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டே ஆகவேண்டும். எளிமையான கைவினையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று கையேடுகள் சொல்லும். அவரோ பிள்ளைக்கு ஒரு படி கடினமானதைத் தேடித் தேர்ந்தெடுக்கிறார். புத்தகம் உருவானதும் அதில் என்ன எழுதுவது என்ற பேச்சு தானாக வரும். பிள்ளை சொல்ல, பெரியவர் எழுதுவார். ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறும் தாய்மார் தமிழிலோ சோமாலியிலோ போர்த்துக்கீசிலோ எழுதுவார்கள். தன் அம்மாவின் எழுத்தை முதல் தடவையாகப் பார்க்கும் பிள்ளைகள் அந்த மேசையில் உண்டு.

எழுதி முடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவது தேதி முத்திரைக்கு. நூலகக் கணினி வந்த பிறகு வேலையற்றுக் கிடந்த பழைய ரப்பர் முத்திரை அது, சக்கரத்தைத் திருப்பித் தேதி மாற்றுவது. மை அட்டையில் அழுத்தி 'டக்'கென்று குத்த வேண்டும். அன்றைய நாளில் அதைவிடப் பெரிய ஈர்ப்பு வேறெதுவும் இல்லை. முத்திரை குத்தினால் அது 'உண்மையான' புத்தகம். முன்னொருநாள் ஒரு சிறுமி, முத்திரை குத்தியதை மேசையில் வைத்துவிட்டு, இதை வேறு யாராவது இரவல் எடுக்கலாம், திரும்பத் தரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து படப்புத்தகப் பெட்டிகளில் ஒன்று பிள்ளைகள் எழுதியவற்றுக்கு. இரவல் போகின்றன. திரும்பியும் வருகின்றன, பெரியவர்களின் துப்பறியும் நாவல்களைவிட ஒழுங்காக.

கதை நேரம் பன்னிரண்டு நிமிடம், பதினைந்தைத் தாண்டக் கூடாது. வாசிப்பவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்து, தலையைத் திருப்பித்தான் வாசிக்கவேண்டும். மடியில் வைத்து வாசித்துவிட்டுப் பிறகு படம் காட்டினால் கதை அறுந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி கதையில் இருந்தால் மூன்றாவது தடவையில் பிள்ளைகளே சொல்வார்கள். இருமொழி வாசிப்பில்தான் நெடுங்காலம் தடுமாறினார்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், குஜராத்தியில் ஒரு வாக்கியம் என்று மாற்றி மாற்றி வாசித்தால் இரண்டு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து நெளிகிறார்கள். எறிக் கார்லின் கம்பளிப்பூச்சிக் கதைபோலப் பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகம் என்றால் பக்கத்துக்குப் பக்கம் மொழி மாற்றலாம். அதைத் தமிழும் ஆங்கிலமுமாகவே லண்டனில் உள்ள மன்ட்ரா லிங்குவா பதிப்பகம் போட்டிருக்கிறது. நீண்ட கதையானால் முழுவதையும் ஒரு மொழியில் சொல்லிவிட்டு, அதே படங்களை வைத்துக்கொண்டு அடுத்த மொழிக்குப் போவது நல்லது. அப்போது முதல் தடவை முழித்த பாட்டிமார் இரண்டாவது தடவை முன்னால் வந்து உட்காருகிறார்கள். அந்தக் கம்பளிப்பூச்சிப் புத்தகத்தில் பக்கங்களில் ஓட்டை இருக்கும், பூச்சி தின்ற ஓட்டை. நன்கொடையாக வரும் பிரதிகளில் குழந்தைகள் தின்ற ஓட்டைகளும் இருக்கும்.

நன்கொடைப் புத்தகங்கள் தனிக் காண்டம். சோவியத் ஒன்றியம் இன்னும் கலையாத உலக வரைபடங்கள் வரும். கலைக்களஞ்சியத்தில் ஒற்றைத் தொகுதி வரும். தமிழ் அலமாரிக்கு 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ வந்தாலும் ஐந்து பாகமும் ஒன்றாக வந்ததில்லை, இரண்டாம் பாகத்துக்கு மட்டும் எப்போதும் பஞ்சமில்லை. எறியவும் மனம் வராது, வைக்கவும் இடம் இருக்காது. ஆனால் ஆங்கிலேயருக்கு இது புதிதல்ல. 1850இல் வந்த முதல் பொது நூலகச் சட்டம், ஊர்கள் வரிப்பணத்தில் நூலகக் கட்டடம் கட்டலாம், ஆளும் வைக்கலாம் என்றது. புத்தகம் வாங்க அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்றது. புத்தகம் நன்கொடையாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஐந்தே ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்றைய தன்னார்வ நூலகங்கள் பல 1850க்குப் பின்னோக்கி நடந்திருக்கின்றன, கட்டட வாடகையும் மின்கட்டணமும்கூடத் தாங்களே தேடிக்கொண்டு.

இதில் எழுத்தாளர்களுக்கும் ஒரு நட்டம் உண்டு, பேசப்படுவதில்லை. 1979இல் வந்த சட்டத்தின்படி, பிரிட்டிஷ் பொது நூலகங்களிலிருந்து இரவல் போகும் ஒவ்வொரு தடவைக்கும் எழுத்தாளருக்குச் சில பென்ஸ் போகும். ஆண்டுக்கு ஒருவருக்கு 6,600 பவுண்டு உச்சவரம்பு. கவுன்சிலின் சட்டபூர்வச் சேவையிலிருந்து கழன்றுவிட்ட சமூக நூலகங்களில் நடக்கும் இரவல் அந்தக் கணக்கில் ஏறாது. குழந்தை எழுத்தாளர்களுக்குத்தான் இது அதிகம் வலிக்கும், அவர்கள் புத்தகங்கள்தான் அதிகம் கைமாறுகின்றன.

உறுப்பினர் அட்டையிலும் அதே குழப்பம். கவுன்சில் நூலகத்தின் அட்டை இங்கே செல்லாது, இங்கே வாங்கும் அட்டை அங்கே செல்லாது. அதை விளக்குவதற்கென்றே அன்றைக்கு ஒருவர் தேவை. அந்த வேலையை அவர் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார். டியூக் ஆஃப் எடின்பரோ விருதுக்காக வருபவர்கள் அவர்கள். 1956இல் தொடங்கிய அந்த விருதில் ஒரு பகுதி தொண்டு. குறைந்தது மூன்று மாதம் வாரந்தோறும் எங்காவது உதவி செய்து கையெழுத்து வாங்கவேண்டும். தமிழ்ப் பெற்றோருக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் கண்ணில் தெரியும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. முதல் வாரம் தோளைக் குறுக்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் நிற்கும்.

"தம்பி, அந்த அம்மம்மா தனிய நிக்கிறா. போய்க் கதையுங்கோ."

"வாட் டு சே, அன்ரி?"

"ஒண்டும் வேண்டாம். தேத்தண்ணி வேணுமோ எண்டு கேளுங்கோ. மிச்சம் அவவே சொல்லுவா."

அவ சொல்லுவா. ஊர் எது, எந்தப் பிள்ளைக்கு எத்தனை பிள்ளை, பேர்த்தி எந்தப் பள்ளி என்று அரைமணி நேரம் சொல்லுவா. அந்தப் பையன் தன் பள்ளித் தமிழையெல்லாம் திரட்டித் தலையாட்டுவான். அதற்குள் உறுப்பினர் அட்டைக்கான தாள் நிரம்பியிருக்கும். விலாசச் சான்று எதுவும் கேட்பதில்லை. தொலைந்துபோகும் சில புத்தகங்களின் விலையைவிட, சான்று கேட்டுத் திருப்பி அனுப்பப்படும் ஒரு குடும்பத்தின் விலை அதிகம் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிரிவில் இருந்தவர் சொன்னால் நம்பலாம்.

நாள் வெற்றியா என்பதை எண்ணும் கருவியை வைத்து அவர் முடிவு செய்வதில்லை. எத்தனை புத்தகம் வெளியே போயிற்று, எத்தனை புது அட்டை, அடுத்த வாரம் அவற்றில் எத்தனை திரும்ப வந்தன என்றுதான் பார்ப்பார். கோடையில் இன்னொரு சோதனை. 1999இல் தொடங்கி, ரீடிங் ஏஜென்சி என்ற அமைப்பு நடத்திவரும் கோடை வாசிப்புச் சவாலில் பிள்ளைகள் விடுமுறைக்குள் வழக்கமாக ஆறு புத்தகம் வாசித்து முடிக்கவேண்டும், ஒட்டுப்படங்களும் கடைசியில் பதக்கமும் கிடைக்கும். மே மாதக் குடும்ப நாளில் முகம் பதிந்த பிள்ளைகள் ஜூலையில் பெயர் கொடுக்க வருகிறார்களா என்று அவர் பெயர்ப் பட்டியலை வைத்துப் பார்ப்பார். வராதவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பார்.

இனி அந்த வழக்கு. நூலகத்தைக் கவுன்சில் நடத்திய காலத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொண்ட நூலகர் ஒருவர், வேலை போன பிறகு ஒருநாள் குடும்ப நாளைப் பார்க்க வந்தார். கைவினை மேசையைப் பார்த்தார், கதை கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார். தவறான இடத்தில் இருந்த மூன்று புத்தகங்களை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். நீங்களும் வந்து உதவலாமே என்று கேட்டபோது, "நான் சம்பளத்துக்குச் செய்த வேலையை இலவசமாகச் செய்து, அது சம்பளத்துக்கான வேலையே அல்ல என்று நானே சாட்சி சொல்லவேண்டுமா?" என்று அமைதியாகக் கேட்டார். லைப்ரரி அன்ரியிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அவர் வளர்ந்த ஊரில் தன்னார்வ நூலகத்துக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலையமும் அதற்குள் ஒரு வாசிகசாலையும் ஊர் இளைஞர்களே நடத்துவது. மேசையில் ஈழநாடும் வீரகேசரியும் கிடக்கும், வருடத்துக்கு ஒருமுறை ஆண்டு விழாவும் விளையாட்டுப் போட்டியும் நடக்கும். அதுவும் இலவசக் குடும்ப நாள்தான், சாக்கோட்டமும் தேசிக்காய்க் கரண்டியும் வைத்து. யாழ்ப்பாண நூலகம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் அதை எரித்த 1981இன் நெருப்பைத்தான் கேட்கிறார்கள் என்பதில் அவருக்குச் சலிப்பு. அவர் 1933ஐச் சொல்வார். கே. எம். செல்லப்பா தன் வீட்டில், தன் புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கிய ஆண்டு அது. பிறகுதான் ஊர்ப் பிரமுகர்கள் கூடினார்கள், பிறகுதான் நகரசபை எடுத்துக்கொண்டது, பிறகுதான் கட்டடம். தன்னார்வலர் தொடங்குவார், அரசு ஏற்கும். லண்டனில் வண்டி எதிர்த்திசையில் போகிறது. அரசு இறக்கிவிட்டதைத் தன்னார்வலர் தூக்கிச் சுமக்கிறார்கள். செய்யும் வேலை ஒன்றுதான், அதே மேசை, அதே தேநீர். ஆனாலும் இங்கே ஒவ்வொரு நல்ல குடும்ப நாளும் இறக்கிவிட்டது சரிதான் என்பதற்கு ஒரு சான்றாகிவிடுகிறது.

நிறுத்திவிடலாமா என்றால், பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர் வேறு வழி கண்டுபிடித்தார். அதைக் கணக்காளர் புத்தி என்றுதான் சொல்லவேண்டும். நூலகத்தில் ஒரு பேரேடு உண்டு. குடும்ப நாளுக்காக யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தாலும் அதில் எழுதியாகவேண்டும். தாள் மடித்துப் பழகியது, காப்புறுதிப் படிவம் நிரப்பியது, கேக் சுட்டது, மறுநாள் தரைவிரிப்பு சுத்தம் செய்தது, எல்லாம். சில மூத்த தன்னார்வலர்களுக்கு இது பிடிக்கவில்லை. அன்போடு செய்வதற்கு விலை போடுகிறீர்களே என்றார்கள். "அன்புக்கு விலை போடேல்லை. வேலைக்குத்தான்" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். மணிகளைக் கூட்டிச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியால் பெருக்குவார். 2024 ஏப்ரலில் அது மணிக்கு 11 பவுண்டு 44 பென்ஸ். ஆண்டறிக்கையில் நன்கொடை வரவுக்குப் பக்கத்திலேயே அந்தத் தொகை ஒரு வரியாக வரும். பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரின் சம்பளத்தில் கணக்கிட்டால் தொகை இன்னும் பெரிதாகும் என்று அடிக்குறிப்பும் இருக்கும்.

சென்ற ஹாஃப்-டேர்மில் கவுன்சில் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். தன் மகளையும் கூட்டிவந்திருந்தார். அவள் ஆறு பக்கத்தையும் பூனைகளால் நிரப்பி முத்திரை குத்திக்கொண்டாள். அவர் படங்கள் எடுத்தார், கேக் சாப்பிட்டார், போத்தலில் ஐந்து பவுண்டுத் தாள் போட்டார். "மாதம் ஒருமுறை செய்யலாமே? மற்றச் சமூக நூலகங்களுக்கும் இது முன்மாதிரியாக இருக்கும். பெரிதாகச் செலவும் இல்லை" என்றார்.

லைப்ரரி அன்ரி பேரேட்டை எடுத்துவந்து அந்த நாளுக்கான பக்கத்தை விரித்து வைத்தார். அதிகாரி நின்றபடியே மேலிருந்து கீழே வாசித்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முந்திய பக்கங்களையும் புரட்டினார். ஸ்கேன் செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அன்ரி அன்றிரவே அனுப்பினார், கூடவே மாதம் ஒருமுறை நடத்த என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலும்: சம்பளத்தோடு ஒரு குழந்தைகள் நூலகர், வாரம் இரண்டு நாளுக்காவது, பாய்லர், புத்தகம் வாங்க ஒரு தொகை. பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. வேலை போன அந்த நூலகரின் தொலைபேசி எண் இன்னும் மாறவில்லை என்பதை அவர் விசாரித்து வைத்திருக்கிறார். அடுத்த ஹாஃப்-டேர்முக்கு வியாழக்கிழமை என்று முடிவாகி, அறிவிப்புத் தாள்கள் அச்சுக்குப் போய்விட்டன.